ஹாக்கியில் விறுவிறுப்பு எங்கே பிறக்கிறது? மைதானத்தின் அளவு, விதி, கைத்திறன்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பள்ளி அளவில் நடக்கும் பதினொருவர் ஹாக்கி ஆட்டத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்தவர்களுக்கு ஒன்று கண்ணில் பட்டிருக்கும். பந்து பெரும்பாலும் இரண்டே நிலைகளில்தான் இருக்கும். எட்டுப் பத்து மட்டைகளுக்கு நடுவே சிக்கிக்கிடக்கும். இல்லாவிட்டால் யாரோ ஓங்கி அடித்ததில் வெட்டவெளியில் உருண்டு ஓடும், நாலைந்து பேர் பின்னால் துரத்துவார்கள். மூன்று பாஸ் சேர்ந்தாற்போல வந்து, கோலுக்கு முன்னால் வளைகோடு போட்ட 'டி' பகுதிக்குள் நுழைந்து, கோலை நோக்கி ஓர் அடி விழுவதைப் பார்க்க நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். அதே ஆட்டம் தொலைக்காட்சியில் நிமிடத்துக்கு நிமிடம் மூச்சைப் பிடிக்க வைக்கிறது.

இதற்கு எல்லாரும் சொல்லும் காரணம், பிள்ளைகளுக்குத் திறமை போதாது என்பது. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். அந்தப் பிள்ளைகளின் கைக்குப் பொருந்தாத அளவில் ஒரு மைதானத்தையும், வேறொரு தரைக்காக எழுதப்பட்ட விதிகளையும் அவர்கள் மேல் ஏற்றிவிட்டோம் என்பது மீதிப் பாதி. ஹாக்கி எந்த வடிவில் இருந்தாலும், பந்து வந்ததும் ஆட்டக்காரருக்கு எவ்வளவு இடமும் நேரமும் கிடைக்கிறது என்பதே அதன் விறுவிறுப்பை முடிவு செய்கிறது. நேரம் அதிகமானால் ஆட்டம் மந்தமாகும். அறவே இல்லாவிட்டால் தள்ளுமுள்ளாகும்.

ஒருவருக்கு எத்தனை சதுர மீட்டர்?

முழு ஹாக்கி மைதானம் 91.40 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். பரப்பு சுமார் 5,027 சதுர மீட்டர். இரு பக்கமும் சேர்த்து 22 பேர் என்றால் தலைக்கு 228 சதுர மீட்டர் வருகிறது. ஐவர் ஹாக்கியின் பெரிய அளவு மைதானம் 48 மீட்டருக்கு 31.76 மீட்டர்; பத்துப் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 152. உள்ளரங்க ஹாக்கியின் பெரிய அளவு 44 மீட்டருக்கு 22 மீட்டர். பக்கத்துக்கு ஆறு பேர் ஆடினால் தலைக்கு 81 சதுர மீட்டர்தான். வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லின் ரிங்க், அதாவது பனித்தளம், 200 அடிக்கு 85 அடி, அதாவது சுமார் 61 மீட்டருக்கு 26 மீட்டர். அதில் பன்னிரண்டு பேர் என்றால், வளைந்த மூலைகளைக் கழிக்காமல் தலைக்கு 132 வரும்.

இந்த எண்களை அப்படியே ஒப்பிட்டுவிடக் கூடாது. ஐஸில் சறுக்குபவர் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டிப் போகிறார். ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக வரும் ரப்பர் வட்டான 'பக்' எடையில் ஏறக்குறைய நம் ஹாக்கிப் பந்தைப் போன்றதுதான். பந்து 156 முதல் 163 கிராம், பக் 156 முதல் 170 கிராம். ஆனால் பனிமேல் பக் வேகம் குறையாமல் வழுக்கிக்கொண்டே போகிறது. என்ஹெச்எல் ஆட்டங்களில் அது துள்ளாமல் இருக்க முன்கூட்டியே உறைய வைத்து எடுத்து வருவார்கள். ஆகவே 132 சதுர மீட்டர் என்பது அங்கே நம்முடைய 228ஐ விடப் பல மடங்கு நெருக்கமான இடம். ஒருவர் இன்னொருவரை எட்டிப்பிடிக்க எத்தனை நொடி ஆகும் என்பதை வைத்துத்தான் மைதானம் பெரிதா சிறிதா என்று சொல்ல முடியும்.

பனியில் நடந்த சோதனை

நமக்கு ஐஸ் ஹாக்கி தூரத்து ஆட்டம். இந்தியாவில் பெரும்பாலும் லடாக் போன்ற குளிர்ப் பகுதிகளில்தான் அதற்கு இடம் உண்டு. ஆனாலும் மைதான அளவு பற்றிய கேள்விக்கு அங்கேதான் கண்ணுக்கு முன்னே விடை கிடைக்கிறது. காரணம், ஒரே தரத்து ஆட்டக்காரர்கள் பல ஆண்டுகளாக இரண்டு அளவு ரிங்க்குகளில் ஆடி வந்திருக்கிறார்கள். நீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அகலம்தான் வேறு. என்ஹெச்எல்லில் 26 மீட்டர், பழைய சர்வதேச ரிங்க்கில் 30 மீட்டர்.

அகலம் கூடினால் திறமைசாலிகளுக்கு இடம் கிடைக்கும், கோல் குவியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது அதற்கு நேர்மாறு. கூடுதலாகக் கிடைக்கும் அந்த 4 மீட்டர் பக்கத்துக்கு இரண்டிரண்டாகப் பிரிந்து சுவர் ஓரத்தில் போய்ச் சேருகிறது. அங்கிருந்து கோலுக்குக் கோணம் மோசம், தூரமும் அதிகம். தடுக்கும் அணிக்கு அங்கே போய்ப் பக்கைப் பறிக்க வேண்டிய அவசியமே இல்லை. கோலுக்கு முன்னால் ஐந்து பேரும் நெருங்கி நின்றுகொண்டு ஓரத்தை எதிரணிக்கே விட்டுவிடலாம். பக் எதிரணியின் மட்டையிலேயே இருக்கும், ஆபத்து மட்டும் இருக்காது.

2010 வான்கூவர் ஒலிம்பிக் என்ஹெச்எல் அளவு ரிங்க்கில் நடந்தது. கனடா ஏழு ஆட்டங்களில் 35 கோல் அடித்து, 16 வாங்கித் தங்கம் வென்றது. இறுதி ஆட்டம் அமெரிக்காவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் 3-2. 2014 சோச்சி ஒலிம்பிக் அகல ரிங்க்கில் நடந்தது. அதே பயிற்சியாளர் மைக் பாப்காக்கின் கீழ் கனடா ஆறு ஆட்டங்களில் 17 கோல் அடித்தது, வாங்கியது மூன்றே மூன்று. காலிறுதியில் லாட்வியாவின் கோலை நோக்கி 57 முறை அடித்தும் இரண்டுதான் உள்ளே போனது. இரண்டு போட்டிகளை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. அணியும் எதிராளிகளும் மாறியிருந்தார்கள். ஆனால் சோச்சி ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த 57இல் எத்தனை தூரத்திலிருந்தும் ஓரத்திலிருந்தும் வந்தவை என்பது தெரியும். பின்னர் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் குறுகிய ரிங்க்கில் நடத்தப்பட்டது; சர்வதேசக் கூட்டமைப்பும் பெரிய போட்டிகளுக்கு 60 மீட்டருக்கு 26 மீட்டர் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

அளவு மட்டும் போதாது என்பதற்கும் என்ஹெச்எல்லே சாட்சி. 1995இல் நியூ ஜெர்சி டெவில்ஸ் அணி நடுப் பகுதியை அடைத்துக்கொண்டு எதிரணியை வரவிடாமல் செய்யும் 'டிராப்' முறையில் என்ஹெச்எல் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல அணிகள் அதைப் பின்பற்றின. குறுகிய ரிங்க்கிலேயே ஆட்டம் உறைந்தது. 2004-05 பருவம் முழுவதும் சம்பளத் தகராறில் ரத்தான பிறகு, திரும்பி வந்தபோது விதிகளை மாற்றினார்கள். இரண்டு கோடுகளைத் தாண்டும் நீண்ட பாஸுக்கு இருந்த தடை நீங்கியது. நடுப் பகுதி 54 அடியிலிருந்து 50 அடியாகக் குறுகி, தாக்கும் பகுதி நீண்டது. கோல்கீப்பரின் உறைகளைச் சிறிதாக்கினார்கள். கையால் பிடிப்பது, மட்டையால் கொக்கி போடுவது ஆகியவற்றுக்கு நடுவர்கள் கண்டிப்பாகத் தண்டனை கொடுத்தார்கள். ஆட்டத்துக்குச் சுமார் 5.1 ஆக இருந்த கோல் சராசரி ஒரே தாவலில் 6.2 அளவுக்கு ஏறியது.

அந்த ஏற்றத்தில் பெரும் பங்கு தண்டனையால் ஓர் ஆள் குறைந்த நேரத்தில் விழுந்த கோல்கள். நடுவர்களின் கண்டிப்பு தளரத் தளர, அடுத்த சில ஆண்டுகளில் சராசரி மறுபடி இறங்கியது. விதி புத்தகத்தில் இருப்பதும் விசிலில் இருப்பதும் வேறு வேறு. நம் ஊர்ப் போட்டிகளுக்கும் இது அப்படியே பொருந்தும். மட்டையால் மட்டையை அடிப்பதையும் உடம்பைக் குறுக்கே கொடுப்பதையும் முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுகொள்ளாத நடுவர், திறமைக்காரப் பையனின் கையைக் கட்டிவிடுகிறார். அதற்குப் பிறகு மைதானம் எந்த அளவில் இருந்தாலும் பயனில்லை.

என்ஹெச்எல் செய்த இன்னொரு மாற்றம் நமக்கு மிகவும் உதவும். 2015-16 பருவத்திலிருந்து சமநிலையில் முடியும் ஆட்டங்களின் கூடுதல் நேரத்தில் கோல்கீப்பரைத் தவிரப் பக்கத்துக்கு மூன்றே பேர். ரிங்க் அதேதான். எட்டுப் பேர் மட்டும் என்பதால் தலைக்குக் கிட்டத்தட்ட 197 சதுர மீட்டர். அகல ரிங்க்கில் இடம் கூடியபோது மந்தமான ஆட்டம் இங்கே இடம் கூடியதும் பற்றிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மூன்று பேரால் கோல் முகப்பையும் அடைத்து, பக் வைத்திருப்பவரையும் மறிக்க முடியாது. எங்கோ ஓர் ஓட்டை விழுந்தே தீரும். அகலத்தால் கிடைத்த இடம் ஓரத்தில் சேர்ந்தது. ஆள் குறைந்ததால் கிடைத்த இடம் நட்ட நடுவில் திறந்தது.

நம் ஹாக்கியின் விதிகள்

மைதான ஹாக்கியில் கோல் அடிக்க 'டி'க்குள் இருந்தே ஆக வேண்டும். அதன் ஆரம் 14.63 மீட்டர். இந்த ஒரு விதி, 5,000 சதுர மீட்டர் மைதானத்தின் உயிரை இரு முனைகளில் கொண்டுபோய் வைக்கிறது. எவ்வளவு பெரிய மைதானமாக இருந்தாலும், 'டி'யின் விளிம்பில் நெருக்கடி குறைவதில்லை.

பந்து வருவதற்கு முன்பே எதிரணியின் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டிப் போய் நிற்கக் கூடாது என்ற பழைய ஆஃப்சைடு விதி இருந்தவரை, தடுப்பாட்டக்காரர்கள் முன்னேறி நின்று ஆட்டத்தை நடுவில் நசுக்க முடிந்தது. 1996இல் சோதனையாக நீக்கி, 1998இல் அதை நிரந்தரமாகவே எடுத்துவிட்டார்கள். எதிரணி ஃபார்வர்ட் ஒருவர் கோல் அருகிலேயே நிற்கலாம் என்றானதும் தடுப்பு வரிசை பின்னால் இழுபட்டது, நடுவில் இடம் திறந்தது. ஐஸ் ஹாக்கியில், பக்குக்கு முன்னால் நீலக் கோட்டைத் தாண்டித் தாக்கும் பகுதிக்குள் நுழையக் கூடாது என்ற ஆஃப்சைடு இன்னும் இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. அங்கே ஒரே தள்ளில் பக் மறுமுனைக்குப் போய்விடும் என்பதால், ஆஃப்சைடு இல்லாவிட்டால் சறுக்கித் தாண்டி வரும் கலையே மறைந்துவிடும். விதியை ஓர் ஆட்டத்திலிருந்து இன்னோர் ஆட்டத்துக்கு அப்படியே பெயர்த்து வைக்க முடியாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

2009இல் வந்த செல்ஃப் பாஸ், பார்ப்பவர்கள் அவ்வளவாகக் கவனிக்காத பெரிய மாற்றம். எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ ஹிட்டை எடுப்பவர் இன்னொருவருக்குக் கொடுக்கக் காத்திருக்காமல், தானே பந்தைத் தட்டி ஓடலாம். அதற்கு முன், விசில் அடித்ததும் தடுக்கும் அணி ஆற அமர வரிசை கட்டிவிடும். இப்போது ஃபவுல் செய்தவர்தான் திணறுகிறார், ஏனென்றால் 5 மீட்டர் விலகுவதற்குள் ஆட்டம் அவரைத் தாண்டிப் போய்விடுகிறது. 2014 முதல் சர்வதேச ஆட்டங்களில் 35 நிமிடப் பாதிகள் போய், 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கு வந்தன. ஓய்வு கூடியதால் கடைசி நிமிடங்களிலும் கால்களில் வேகம் மிஞ்சுகிறது.

ஷார்ட் கார்னர் என்று நாம் சொல்லும் பெனால்டி கார்னர் தனி உலகம். தடுக்கும் பக்கத்தில் கோல்கீப்பரோடு ஐந்து பேர்தான் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால். ஐஸில் ஆளைக் குறைத்துச் செய்ததை இங்கே ஒரு விதி சில நொடிகளுக்குச் செய்துகாட்டுகிறது. பந்து 'டி'யை விட்டு வெளியே வந்து திரும்ப உள்ளே வந்தால்தான் கோலை நோக்கி ஆடலாம். ஓங்கி அடிக்கும் முதல் அடி கோலின் அடியில் உள்ள 460 மில்லிமீட்டர் உயரப் பலகைக்கு மேலே போகக் கூடாது. இழுத்து எறியும் டிராக் ஃபிளிக்குக்கு அந்த உயரத் தடை கிடையாது. அதனால்தான் உலகமே ஃபிளிக்குக்குப் போய்விட்டது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 14.63 மீட்டரைக் கடக்க அரை நொடிக்குச் சற்றே அதிகம் ஆகும். கோல்கீப்பர் பந்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தால் பிந்திவிடும். ஃபிளிக் செய்பவரின் தோளையும் கால் பதியும் இடத்தையும் பார்த்தே முடிவெடுக்கிறார்.

டோக்கியோவில் 2021இல் நடந்த வெண்கலப் பதக்க ஆட்டம் இவை எல்லாம் ஒன்றுகூடினால் என்ன ஆகும் என்பதைக் காட்டியது. ஜெர்மனியிடம் 1-3 என்று பின்தங்கிய இந்தியா 5-3 என்று முன்னேறி, 5-4இல் நின்றது. ஏழு நொடி கூட மீதியில்லாத நேரத்தில் ஜெர்மனிக்கு ஷார்ட் கார்னர் கிடைத்தது, இந்தியக் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தார். பாரிஸில் 2024 காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17ஆம் நிமிடத்திலேயே இந்தியத் தடுப்பாட்டக்காரர் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். மீதி நேரம் முழுவதும் பத்துப் பேரோடு ஆடிய இந்தியா 1-1 என்று காத்து, சமநிலையை முறிக்க ஒருவர் பின் ஒருவராகக் கோல்கீப்பரை எதிர்கொள்ளும் ஷூட்டவுட்டில் 4-2 என்று வென்றது. நடுவிலும் ஓரத்திலும் இடத்தை விட்டுக்கொடுத்து, 'டி'யை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்ட ஆட்டம் அது. கோல் குறைவுதான், ஆனால் ஒரு நிமிடம் கண்ணை எடுக்க முடியவில்லை. கோல் எண்ணிக்கையை மட்டும் வைத்து விறுவிறுப்பை அளப்பது தவறு என்று சொல்ல இதைவிட வேறு ஆட்டம் வேண்டாம். முடிவு எந்த நொடியிலும் மாறலாம் என்ற நிலை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையே பார்க்க வேண்டும்.

கையும் தரையும்

1975 உலகக் கோப்பையைப் புல்தரையில் வென்ற இந்தியா, அடுத்த ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரையில் ஆடி ஏழாம் இடத்துக்குப் போனது. ஓராண்டில் ஒரு நாட்டின் கைத்திறன் போய்விடாது. தரை மாறியதால் பந்தின் வேகம் மாறியது. அதோடு எந்தத் திறமைக்கு மதிப்பு என்பதும் மாறியது. (1980இல் மாஸ்கோவில் நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்தது, செயற்கைத் தரையிலேதான்.)

செயற்கைத் தரையில் பந்து தரையை ஒட்டியே வரும். அதனால் ஆட்டக்காரர் தலை நிமிர்ந்து, அடுத்த பாஸ் எங்கே என்று பார்க்கிறார். மண் தரையில் பந்து கடைசி ஒரு மீட்டரில் ஒரு கல்லைத் தொட்டுத் துள்ளும். எனவே கண் பந்திலேயே இருக்க வேண்டும். தலை நிமிராதவருக்குத் தன் அணியினர் யாரும் தெரியமாட்டார்கள். பாஸ் வராத ஆட்டத்தின் வேர் பல நேரம் இதுதான். பிள்ளைகளைப் 'பாஸ் கொடு, பாஸ் கொடு' என்று வெளியிலிருந்து கத்துவதால் இது சரியாகாது.

பந்தை நிறுத்துவதில் மண் தரைக்கென்றே சில பழக்கங்கள் வேண்டும். மட்டையின் கைப்பிடி முகப்பைவிடச் சற்று முன்னால் சாய்ந்திருக்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் பந்து மட்டையில் பட்டு எகிறி, முழங்காலுக்கு வரும். கீழ்க்கை தளர்வாக இருக்க வேண்டும். இறுகப் பிடித்தால் பந்து ஒரு மீட்டர் தள்ளித் தெறித்து, எதிராளிக்குப் போய்விடும். துள்ளும் தரையில் மட்டையை நிமிர்த்தி வைத்து நிறுத்துவதைவிட, முழங்காலை மடக்கி, மட்டையைத் தரையோடு படுக்க வைத்து மறிப்பது நம்பகமானது. நிமிர்ந்த மட்டையின் முகப்பு சில அங்குலம்தான். படுத்த மட்டை முக்கால் மீட்டருக்கு மேல் அடைக்கும். ஷார்ட் கார்னரில் பந்தை நிறுத்துபவர் உலக அளவிலும் இப்படித்தான் செய்கிறார். இதற்கு ஒரு விலை உண்டு. படுத்த மட்டையிலிருந்து எழுந்து அடுத்த வேலைக்கு வர அரை நொடி கூடுதலாகும். அந்த அரை நொடிக்குள் எதிராளி எட்டிவிடாத தூரம் இருக்கும்படி மைதானத்தை அளக்க வேண்டும். அளவும் கையும் சந்திக்கும் இடம் இதுதான்.

கடலூர் மாவட்டத்தில் தரையே ஊருக்கு ஊர் மாறுகிறது. கேப்பர் மலைப் பக்கம் சரளை கலந்த செம்மண். தேவனாம்பட்டினத்திலிருந்து புதுச்சேரி வரை கடலோரம் மணல் கூடிய மண். சரளையில் பந்து துள்ளும், விழுந்தால் முழங்கால் கிழியும். மணலில் பந்து செத்துவிடும். 20 மீட்டர் பாஸ் 12 மீட்டரில் நின்றுபோய்விடும், அதனால் எல்லாரும் ஓங்கி அடிக்கத் தொடங்குவார்கள். சரளைத் தரைக்கு முதல் வேலை கல் பொறுக்குவது. முதல் நாள் மாலை பரவலாகத் தண்ணீர் தெளித்து, மறுநாள் காலை ஈரம் உள்ளே இறங்கி மேல் காய்ந்த நிலையில் ரோலர் ஓட்ட வேண்டும். சேறாக இருக்கும்போது ஓட்டினால் மண் ரோலரில் ஒட்டிப் பெயர்ந்து, தரை முன்பைவிட மோசமாகும். மணல் தரைக்கு மேலே களிகலந்த செம்மண்ணைப் பரப்பி நனைத்து இறுக்கினால் பந்து ஓடும். வடகிழக்குப் பருவமழை வாங்கும் ஊர் என்பதால், அக்டோபருக்கு முன் நடுவிலிருந்து ஓரங்களுக்குச் சிறு சரிவு இல்லாவிட்டால் போட்ட மண் நடுவில் குளமாகி, காய்ந்ததும் வெடிக்கும்.

எந்த அளவுக்கு வரைவது

ஒருவர் பந்தை நிறுத்த எத்தனை தொடுதல் எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். வரும் பந்தில் பாதியைக் கூட ஒரே தொடுதலில் நிறுத்தாத பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பதினொருவர் ஆட்டம் வேண்டாம். முழு மைதானத்தின் ஒரு பாதியை எடுத்து, குறுக்குவாக்கில் ஆடவிடுங்கள். 55 மீட்டர் நீளம், 45.7 மீட்டர் அகலம். பக்கத்துக்கு ஏழு பேர் என்றால் தலைக்கு 180 சதுர மீட்டர் அளவில் வரும். ஒரே மைதானத்தில் இரண்டு ஆட்டம் ஒரே நேரத்தில் நடக்கும், 28 பேர் ஆடலாம். அதைவிட முக்கியம், ஒவ்வொருவர் மட்டைக்கும் பந்து அடிக்கடி வரும்.

கை சற்றுத் தேறியவர்களுக்கு 40 மீட்டருக்கு 28 மீட்டரில் ஐவர் ஆட்டம் சரியாக இருக்கும். இது ஐவர் ஹாக்கி விதியில் உள்ள சிறிய அளவு. ஐவர் ஹாக்கியில் 'டி' இல்லை, தூரத்திலிருந்தும் கோல் அடிக்கலாம். நம் சூழலில் ஒரு திருத்தம் அவசியம். கோல்கீப்பருக்குத் தலைக்கவசம், நெஞ்சுக்கவசம், கால் பேட், பாதத்தை மூடும் கிக்கர் நான்கும் முழுதாக இல்லாவிட்டால் யாரையும் கோலில் நிறுத்தாதீர்கள். கோலை ஒன்றரை மீட்டராகக் குறுக்கி, அதற்கு 5 மீட்டருக்குள் வந்து தள்ளினால் மட்டும் கோல் என்று வையுங்கள். உள்ளரங்க ஹாக்கியிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளலாம்: ஓங்கி அடிக்கக் கூடாது, மட்டையால் பந்தைத் தள்ளும் புஷ் மட்டுமே. இந்த ஒரே விதி, கூட்டத்தில் ஓங்கும் மட்டைகளால் வரும் காயத்தைக் குறைக்கிறது, பாஸையும் வளர்க்கிறது.

கோடு போடுவதில் பலர் சறுக்குவது மூலையில்தான். கயிற்றில் 9, 12, 15 மீட்டர் முக்கோணம் பிடித்தால் மூலை செங்கோணமாகும். முடித்ததும் மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள். 40க்கு 28இல் இரண்டு மூலைவிட்டமும் 48.8 மீட்டர் வர வேண்டும். முழு மைதானத்துக்கு 106.7. 'டி' வரையும்போது கோலின் நடுவில் முளை அடித்து ஒரே அரைவட்டமாகச் சுற்றிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. முளை இரண்டு. ஒவ்வொரு கோல் கம்பத்தின் உள் முன்விளிம்பிலிருந்தும் 14.63 மீட்டர் கயிற்றால் கால்வட்டம் வரைந்து, இரண்டையும் 3.66 மீட்டர் நேர்கோட்டால் இணைக்க வேண்டும். நடு முளையிலிருந்து வரைந்தால் இரு ஓரத்திலும் 1.83 மீட்டர் வீதம் 'டி' சுருங்கிவிடும். ஓரத்திலிருந்து வெட்டி உள்ளே வரும் விங்கர் என்ற ஓர ஆட்டக்காரருக்கு அந்த இழப்பு பெரிது.

ஐவர் ஆட்டத்தின் வேகத்துக்கு இன்னொரு காரணம் பக்கத் தடுப்பு. பந்து வெளியே போகாமல் திரும்பி வருவதால் ஆட்டம் நிற்பதில்லை. தடுப்பில் மோதவிட்டு எதிராளியைத் தாண்டி எடுக்கும் வித்தையும் கிடைக்கிறது. பலகை வாங்கப் பணம் இல்லாத இடத்தில் நம் கடலோரத்தில் தாராளமாக விளையும் சவுக்கு மரம் போதும். ஆனால் தடிமனைப் பார்த்து எடுங்கள். ஹாக்கிப் பந்தின் விட்டம் சுமார் 7.3 சென்டிமீட்டர். அதைவிட மெல்லிய சவுக்குக் கழியைத் தரையில் படுக்க வைத்தால், பந்தின் நடுப்பகுதி கழியின் நடுப்பகுதியைவிட உயரத்தில் இருக்கும். மோதும் பந்து அதன் மேல் ஏறி எகிறும், வெளியே நிற்பவரின் முழங்கால் எலும்பைப் பதம் பார்க்கும். 10 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடிமனுள்ள அடிமரத் துண்டுகளில் பந்து நடுவுக்குக் கீழே மோதுவதால் தரையோடு திரும்பி வரும். பட்டையைச் செதுக்கி, முளைகளை வெளிப்புறம் மட்டும் அடித்து, இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் இடைவெளி விடாமல் ஒட்ட வையுங்கள். இடைவெளியில் மோதும் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

திசை பற்றியும் ஒரு சொல். கோல் கம்பங்கள் வடக்கும் தெற்குமாக இருக்கட்டும். மாலை நான்கு மணிக்கு மேல்தான் நம் ஊரில் ஆட முடிகிறது. கிழக்குக் கோலில் நிற்பவருக்கு மேற்கு வெயில் கண்ணில் அடிக்கும், பந்து வருவதே தெரியாது. கடற்காற்றும் அந்த நேரத்தில் கிழக்கிலிருந்து வீசுவதால் வடக்கு-தெற்கு மைதானத்தில் இரு அணிக்கும் அது பக்கக் காற்றாகவே வரும், யாருக்கும் கூடுதல் சாதகம் இல்லை. உப்புக்காற்றில் இரும்புக் கம்பம் துருப்பிடித்துச் செதில் விடும். வலை அதில் உரசி அறுவதற்குள் ஆண்டுக்கொரு முறையாவது சுரண்டி வண்ணம் அடித்துவிட வேண்டும்.

சிறிய மைதானத்திலிருந்து எப்போது பெரிதுக்குப் போவது என்றால், வயதைப் பார்க்க வேண்டாம், பந்தைப் பாருங்கள். பத்து நிமிட ஆட்டத்தில் ஒவ்வோர் அணியும் நாலைந்து முறையாவது பந்தை இழக்காமல் மூன்று பாஸ் சேர்த்தால், நீளத்தில் 5 மீட்டர் கூட்டுங்கள். அகலத்தை அப்போது தொட வேண்டாம். சோச்சியில் நடந்தது போல, அகலத்தை முதலில் கூட்டினால் பந்து ஓரத்திலேயே சுற்றும். நீளம் கூடிய பிறகு மூன்று பாஸ் என்பது ஒன்றிரண்டாகக் குறைந்தால், அடுத்த வாரம் பழைய கோட்டுக்கே திரும்பிவிடலாம், சுண்ணாம்புதானே.